நிக்கலுக்கு அடியில் துரு

பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரைக் கவனித்துப் பார்த்த எவருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். பூச்சு பளபளவென்று இருக்கிறது. ஆனால் அங்கங்கே ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள். துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். சில வருடங்கள் போனால் புள்ளியைச் சுற்றிப் பூச்சு உப்பி, செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். துரு பிடிக்கக் கூடாது என்றுதானே பூச்சே போட்டார்கள்? நிக்கலும் குரோமியமும் அந்தப் பழுப்புத் துருவைத் தரும் உலோகங்கள் அல்ல. அப்படியென்றால் இந்தத் துரு எங்கிருந்து வருகிறது?

விடையைத் தேட, ஹேண்டில்பாரைவிடப் பொருத்தமான ஒரு பொருளை இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்கிறேன்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் செய்யப்பட்ட, நிக்கல் பூசிய ரிவால்வர். சட்டைப்பையிலும் மேசை டிராயரிலும் தோலுறையிலும் நூறு வருடத்துக்கு மேல் கிடந்த பொருள் அது. வியர்வை, புகை, ஈரம், எண்ணெய், ஆர்வமாகத் துடைத்த கைகள் எல்லாம் அதன்மேல் தடம் பதித்திருக்கின்றன. அந்தத் தடங்களைப் படிக்கத் தெரிந்தால் பொருளின் வயதும் வாழ்க்கையும் தெரியும். படிக்கத் தெரியாமல் பளபளப்பாக்கப் போனால், தடத்தோடு பூச்சும் போய்விடும். பழைய நிக்கல் பூச்சுகளை அழித்ததில் துருவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பாலிஷுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கருத்து. காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1869

அமெரிக்க ரிவால்வரின் கதையில் 1869 முக்கியமான வருடம். அந்த ஆண்டில் ஒரு காப்புரிமை முடிந்தது, இன்னொன்று பிறந்தது.

முடிந்தது ரோலின் ஒயிட் என்பவருடைய காப்புரிமை. ரிவால்வரின் சுழலும் உருளையில் உள்ள அறைகளை முன்னும் பின்னும் திறந்திருக்கும்படி முழுக்கத் துளைத்து, உலோகத் தோட்டாவைப் பின்பக்கத்திலிருந்து செருகும் அமைப்புக்கு அவர் 1855இல் உரிமை பெற்றிருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம், ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் வீதம் அவருக்குக் கொடுத்து, அந்த அமைப்பைத் தன்னிடமே வைத்திருந்தது. கெடு முடிந்ததும் கதவு திறந்துகொண்டது. மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் இருந்த பட்டறைகள் பல, தோட்டா போடும் சிறிய ரிவால்வர்களைச் செய்யத் தொடங்கின.

பிறந்தது ஐசக் ஆடம்ஸ் என்ற பாஸ்டன் வேதியியலரின் காப்புரிமை. நிக்கல் ஒரு தனி உலோகம் என்பதை 1751இல் ஸ்வீடனைச் சேர்ந்த க்ரோன்ஸ்டெட் கண்டறிந்திருந்தார். அதை மின்சாரத்தால் இன்னோர் உலோகத்தின்மேல் படியவைக்கலாம் என்பதும் ஜெர்மனியில் 1840களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை பளிச்சென்று வந்த பூச்சு, பட்டறையில் கறுத்தும் உரிந்தும் போனது. கரைசலில் நிக்கலும் அம்மோனியமும் சேர்ந்த உப்பைப் பயன்படுத்த வேண்டும், அந்தக் கரைசல் வேறு கலப்புகள் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் ஆடம்ஸ் பிடிவாதமாக இருந்தார். 1869 ஆகஸ்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நிக்கல் பூச்சு ஒரு தொழிலாக வளர்ந்தது.

துப்பாக்கிக்காரர்களுக்கு இப்படியொரு பூச்சு அவசரமாகத் தேவைப்பட்டது. அதுவரை எஃகுத் துப்பாக்கிகளுக்கு வழக்கமான மேற்பூச்சு நீலமேற்றல்தான். எஃகின் மேற்பரப்பையே கட்டுப்பாடாக ஆக்சிஜனோடு சேரவிட்டு, கருநீலமான மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கும் முறை அது. பார்க்க அழகு, பாதுகாப்பு குறைவு. அக்காலத்தின் கரும்பொடி வெடிமருந்து எரிந்தபின் விட்டுச்செல்லும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து எஃகை அரிக்கும். சட்டைப்பையில் சுமக்கும் சிறு ரிவால்வருக்கு வியர்வையும் சேர்ந்துகொண்டது. நிக்கல் இரண்டையும் ஓரளவு தாங்கியது. வெளிச்சத்தில் மின்னவும் செய்தது. கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் ஷெரிஃபாக இருந்து புகழ்பெற்ற பேட் மாஸ்டர்சன், 1885 ஜூலை 24 அன்று கோல்ட் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் பேசப்படுகிறது. தன் சொந்த உபயோகத்துக்கு, நிக்கல் பூசிய, குட்டைக் குழல் கொண்ட .45 ரிவால்வர் ஒன்று வேண்டும், அதைக் கொஞ்சம் கூடுதல் சிரத்தையோடு செய்து அனுப்புங்கள் என்பது அதன் சாரம். துப்பாக்கியைத் தினம் சுமந்தவர்களும் நிக்கலை விரும்பிக் கேட்டார்கள் என்பதற்கு அந்தக் கடிதம் சான்று.

தொட்டிக்குள் நடப்பது

மின்சாரத்தால் ஓர் உலோகத்தின்மேல் இன்னோர் உலோகத்தைப் படியவைப்பதை மின்முலாம் பூசுதல் என்கிறோம். நிக்கல் உப்பு கரைந்த தொட்டி ஒன்று. அதில் ஒரு பக்கம் நிக்கல் தகடு தொங்கும். அது மின்கலத்தின் நேர்முனையோடு இணைந்திருக்கும். மறுபக்கம் நன்றாக மெருகேற்றி, எண்ணெய்ப்பசை போகக் கழுவிய எஃகுப் பாகம். அது எதிர்முனையோடு இணைந்திருக்கும். மின்சாரம் பாயும்போது தகட்டிலிருந்து நிக்கல் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து, மின்னூட்டம் பெற்ற அயனிகளாகக் கரைசலில் இறங்குகின்றன. எஃகின் மேற்பரப்பை அடையும் நிக்கல் அயனிகள் அங்கே எலக்ட்ரான்களைப் பெற்று, மறுபடி உலோகமாகி, ஒட்டிக்கொள்கின்றன.

எவ்வளவு நிக்கல் ஒட்டும்? இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு பாலிஷைப் பற்றிப் பேசும்போது கைகொடுக்கும். ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் அதிகபட்சம் சுமார் 1.1 கிராம் நிக்கல் படியும். இது இயற்கையின் கண்டிப்பான கணக்கு. நம் சிறு ரிவால்வரின் வெளிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.1 கிராம் நிக்கலை அவ்வளவு பரப்பிலும் சீராகப் பரப்பினால் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்குதான். நான்கு மணி நேரம் பூசினால் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு வரும். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. எடையோ நான்கரை கிராம். அரைக்கிலோ எடையுள்ள ரிவால்வரின் தோற்றம் முழுவதும் இந்த நான்கரை கிராமை நம்பி இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தொட்டியில் பாயும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு நிக்கலைப் படியவைக்காமல் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுப்பதில் செலவாகிறது. அந்த வாயு நுண்ணிய குமிழிகளாக எஃகின்மேல் உட்காரும். குமிழி உட்கார்ந்த இடத்தில் நிக்கல் படியாது. கழுவும்போது விட்டுப்போன எண்ணெய்த் துளி, கரைசலில் மிதக்கும் தூசி, எஃகுக்குள்ளேயே இருக்கும் கசடு ஆகியவையும் இதையே செய்யும். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பூச்சில் உண்டாகின்றன. பூச்சு தடிக்கத் தடிக்க அவற்றில் பல மூடிக்கொள்ளும். மெல்லிய பூச்சில் திறந்தே இருக்கும்.

துளையின் அடியில்

இனி முதல் கேள்விக்கு வரலாம்.

உலோகங்கள் எல்லாம் எலக்ட்ரானை ஒரே மாதிரி விட்டுக்கொடுப்பதில்லை. எது எளிதில் விட்டுக்கொடுக்கும், எது இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று அவற்றை வரிசைப்படுத்தலாம். அந்த வரிசைக்கு மின்வேதி வரிசை என்று பெயர். துத்தநாகம் எளிதில் விட்டுக்கொடுக்கும். இரும்பு அதைவிடக் குறைவாக. நிக்கல் இரும்பைவிடவும் குறைவாக. செம்பு இன்னும் குறைவாக. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு கலந்த ஈரத்தில் நனைந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலம் உருவாகும். எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும்.

கால்வனைஸ் செய்த இரும்பு வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பூச்சு துத்தநாகம். வாளியில் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும் துத்தநாகம் முன்வந்து கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கீறலில் துரு வர நெடுநாள் ஆகும். நிக்கல் பூச்சில் நடப்பது இதற்கு நேர் எதிர். நிக்கல் எலக்ட்ரானை இரும்பைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும் உலோகம். பூச்சில் ஓட்டை இல்லாதவரை அது நல்ல சுவர். ஓட்டை விழுந்துவிட்டால் நிக்கல் தப்பிக்கொள்ளும், இரும்பு கரையும்.

அதுவும் சாதாரண வேகத்தில் கரையாது. ஒரு வியர்வைத் துளி நுண்துளையை மூடியபடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். துளைக்கு அடியில் தெரியும் இரும்பு ஒரு புள்ளி அளவுதான். அதைச் சுற்றியுள்ள நிக்கல் பரப்போ பலநூறு மடங்கு பெரியது. அந்தப் பெரிய பரப்பு முழுவதும் காற்றின் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கொடுக்க வேண்டியது அந்த ஒரு புள்ளி இரும்பு. கேட்பவர் பலர், கொடுப்பவர் ஒருவர் என்பதால் இரும்பு அங்கே ஆழமாகக் குழிந்து கரைகிறது. கரைந்த இரும்பு துளை வழியே மேலே வந்து ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்புப் புள்ளியாகிறது. நாம் துணியால் துடைப்பது இந்த வெளிவாயைத்தான். குழி கீழே அப்படியே இருக்கிறது.

துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். பூச்சுக்கு அடியில் துரு பரவும்போது அது பூச்சை மேல்நோக்கித் தள்ளுகிறது. நிக்கல் கொப்புளித்து வெடித்து, செதிலாக எழுகிறது. செதில் போன இடத்தில் இன்னும் அதிக இரும்பு வெளியே தெரியும். ஹேண்டில்பாரில் நாம் பார்த்த வரிசை இதுதான். துரு முழுக்க இரும்பினுடையது. நிக்கல் அதற்கு வாசல் கொடுத்து, வேகத்தையும் கூட்டியிருக்கிறது.

ஒரு .38ஐப் படிப்போம்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு ரிவால்வரை மேசையில் வைத்துப் படிக்கலாம். நான் தேர்ந்தெடுப்பது ஸ்மித் அண்ட் வெஸனின் .38 இரட்டைச் செயல் மாதிரி. 1880இல் வெளிவந்தது. விசையை இழுத்தாலே, தோட்டாவை அடிக்கும் சுத்தியான குதிரை தானாக எழும்பி விழும் என்பதால் இரட்டைச் செயல் என்ற பெயர். ஐந்து தோட்டாக்கள். குழலின் பின்புறத் தாழ்ப்பாளைத் தூக்கினால் குழலும் உருளையும் முன்னால் மடங்கும். உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழும்பிக் காலித் தோட்டாக்களை ஒரே தள்ளில் வெளியேற்றும். ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட மாதிரி இது. ஆகவே இன்றும் அமெரிக்க வீடுகளில் பாட்டனார் விட்டுப்போன பெட்டிகளில் அகப்படுகிறது. ஐவர் ஜான்சன், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன் போன்ற நிறுவனங்களும் மடங்கும் ரிவால்வர்களை நிக்கல் பூசி மலிவாக விற்றன. எனவே முதல் வேலை, குழலின் மேல்முகட்டில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரையும் காப்புரிமைத் தேதிகளையும் பூதக்கண்ணாடியில் படிப்பது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. துப்பாக்கி எவ்வளவு பழையதாக இருந்தாலும், உள்ளே தோட்டா இருக்கிறது என்று எண்ணியே கையாள வேண்டும். பழக்கமுள்ள ஒருவர் அதைத் திறந்து ஐந்து அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம். சட்டமும் முக்கியம். அமெரிக்காவின் 1968 சட்டம், 1898க்குள் செய்யப்பட்டவற்றைத் தொன்மைப் பொருளாகத் தனியே வைக்கிறது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் பொருந்தும். பழையது என்பதாலேயே உரிமம் வேண்டாம் என்று யாரும் தாமாக முடிவு செய்யக் கூடாது.

இப்போது நிறம். ஜன்னலோரத்து வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பாருங்கள். நிக்கலின் வெண்மையில் இளமஞ்சள் கலந்திருக்கும். குரோமியத்தில் நீலம் கலந்திருக்கும். குரோம் பூச்சு 1920களில்தான் தொழிலாக வளர்ந்தது. 1890களின் ரிவால்வர் நீலவெண்மையாக மின்னினால் அந்தப் பூச்சு பின்னாளில் போட்டது. துருவேறா எஃகோ என்ற சந்தேகம் வேண்டாம்; அதில் செய்த முதல் ரிவால்வரை ஸ்மித் அண்ட் வெஸன் 1965இல்தான் வெளியிட்டது. காந்தம் இங்கே உதவாது. எஃகு, நிக்கல் இரண்டையும் அது இழுக்கும்.

அடுத்தது குதிரையும் விசையும். இந்த அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்மித் அண்ட் வெஸன் தொழிற்சாலை ரிவால்வரின் உடலுக்கும் குழலுக்கும் உருளைக்கும் நிக்கல் பூசியபோதும், குதிரைக்கும் விசைக்கும் பொதுவாகப் பூசவில்லை. அவற்றை எலும்புக் கரியோடு பெட்டியில் அடைத்துச் சூடாக்கித் தண்ணீரில் போட்டார்கள். கரியிலிருந்து கார்பன் எஃகின் மேல்தோலுக்குள் ஊடுருவி அதைக் கடினமாக்கும். கூடவே நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் கலந்த மேகம் போன்ற நிறங்கள் படியும். ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்கு இந்தக் கடினம் தேவை. விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையமும் இந்த மாதிரியில் வழக்கமாகக் கருநீலம்தான். ஆக, தலை முதல் கால் வரை எல்லாமே வெள்ளியாக ஜொலிக்கும் .38 ஒன்று அகப்பட்டால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். யாரோ பின்னாளில் மொத்தமாகக் கழற்றித் தொட்டியில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். தனியாகச் சொல்லிச் செய்யவைத்த விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதற்கு ஆதாரம் கேட்கலாம்.

பிறகு விளிம்புகள். தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கியில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். தட்டையான பகுதியும் வளைந்த பகுதியும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும். மறுபூச்சு போடுகிறவர் பழைய துருவையும் குழியையும் மறைக்க மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார். சக்கரம் மேட்டைத்தான் முதலில் தின்னும். கோடுகள் உருண்டுபோகும், எழுத்துகள் கரைந்ததுபோல் ஆழம் குறையும், திருகுகள் உட்காரும் துளைகளின் வாய் தட்டுப்போல் விரியும். நிக்கல் எவ்வளவு பளபளத்தாலும் இந்த விரிந்த வாயை மறைக்க முடியாது.

கடைசியாகக் குழிகள். நிலவியலாளர் பாறை அடுக்குகளைப் பார்த்து எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்வார். அந்தத் தருக்கமே இங்கும் செல்லும். துருக்குழியின் ஓரத்தில் நிக்கல் உடைந்து, குழியின் அடியில் பழுப்பு எஃகு தெரிந்தால், பூச்சு முதலில், துரு பிறகு. அந்தப் பூச்சு பழையது, அசலாகவும் இருக்கலாம். குழியின் அடிவரைக்கும் நிக்கல் பளபளவென்று இறங்கியிருந்தால், துரு முதலில், பூச்சு பிறகு. அது மறுபூச்சு, இதற்கு வேறு விளக்கம் கிடையாது. உரிந்து, மங்கி, அங்கங்கே பழுத்துப் போன ஒரு .38ஐச் சேகரிப்பாளர்கள் ஏன் புதிதுபோல் மின்னும் இன்னொன்றைவிட உயர்வாக மதிக்கிறார்கள் என்பது இந்தக் குழியைப் பார்த்தால் புரியும். முதலாவதன் மேற்பரப்பு நூற்று முப்பது வருட உண்மை. இரண்டாவதில் அந்த உண்மை சக்கரத்தில் தேய்ந்து போய்விட்டது.

தொடர் எண்களையும் ஒப்பிட வேண்டும். கைப்பிடியின் அடியில் உள்ள எண் உருளையின் பின்முகத்திலும் குழல் பகுதியிலும் இருக்கும். எண்கள் ஒத்துப்போனால் பாகங்கள் பிறந்தது முதல் ஒன்றாக இருக்கின்றன. எண்ணுக்கு அருகில் நட்சத்திர முத்திரை இருந்தால், அது பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ தொழிற்சாலைக்கே திரும்பிப் போய்வந்தது என்பதற்கு அடையாளம். இந்த நிறுவனத்தின் பிற்கால ரிவால்வர்களில் நிக்கல் பூச வேண்டிய பாகங்களுக்குக் குழலின் அடிப்புறம் போன்ற மறைவான இடத்தில் ஆங்கில எழுத்து 'என்' குத்தப்பட்டிருக்கும்.

கண்ணுக்கு எட்டாததை எக்ஸ் கதிர் காட்டும்

அருங்காட்சியகங்களில் ஒரு கைக்கருவி உண்டு. அது எக்ஸ் கதிரைப் பொருளின்மேல் பாய்ச்சும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதிலுக்கு ஒளிரும். பொருளைச் சுரண்டாமலே மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று தெரிந்துவிடும். நிக்கலோடு பாஸ்பரஸும் தென்பட்டால் கதை முடிந்தது. மின்சாரம் இல்லாமலே வேதிவினையால் நிக்கலைப் படியவைக்கும் முறையை அமெரிக்காவில் ஆப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெலும் 1946இல் வெளியிட்டார்கள். அந்தப் பூச்சில்தான் பாஸ்பரஸ் கலந்திருக்கும். விக்டோரியா காலத்துத் துப்பாக்கியில் அது இருக்க வழியில்லை.

நிக்கலுக்கு அடியில் செம்பு தென்படுவதும் உண்டு. எஃகில் நன்றாக ஒட்டட்டும் என்று முதலில் செம்பு பூசி, மேலே நிக்கல் பூசுவார்கள். மறுபூச்சுகளில் இது சகஜம். பராமரிப்பில் இந்தச் செம்புக்குத் தனிக் கவனம் தேவை.

துடைப்பதற்கு முன்

நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவோம், வெள்ளியை விபூதியால் தேய்ப்போம். அந்தப் பழக்கம் நிக்கல் பக்கம் வரவே கூடாது. புளியிலும் எலுமிச்சையிலும் வினிகரிலும் உள்ள அமிலம் நுண்துளை வழியே இறங்கி எஃகைக் கரைக்கும். விபூதியும் கடையில் விற்கும் உலோகப் பாலிஷும் நுண்ணிய உரசுபொடிகள். அவை அழுக்கை எடுக்கும்போது நிக்கலையும் எடுக்கும். மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான் கையிருப்பு என்று கணக்குப் போட்டோம் அல்லவா? விளிம்புகளில் அதைவிடக் குறைவாகவே மிஞ்சியிருக்கும், ஏனென்றால் கையும் உறையும் உரசியது அங்கேதான். ஒவ்வொரு பாலிஷும் அந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவு. வரவு கிடையாது. பூச்சு மெலியும்போது மூடியிருந்த நுண்துளைகள் மறுபடி திறக்கும். பளபளப்பாக்கிய துப்பாக்கி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

பழைய நிக்கலின்மேல் படியும் மங்கலான மூட்டம் வேறு விஷயம். காற்றில் உள்ள கந்தக வாயுவும் ஈரமும் சேர்ந்து நிக்கலின்மேல் உண்டாக்கும் மெல்லிய படலம் அது. பூச்சுக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. வயதின் நிறமாக அதை விட்டுவிடுவதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

அம்மோனியா கலந்த திரவங்களை விலக்க வேண்டும். குழலின் உட்புறத்தில் படிந்த செம்பைக் கரைப்பதற்காகத் துப்பாக்கிக் கடைகளில் விற்கும் சில திரவங்களில் அது இருக்கிறது. நிக்கலில் விரிசல் இருந்து, அடியில் செம்பு அடுக்கும் இருந்தால், அம்மோனியா அந்தச் செம்பைத் தேடிப்போய்க் கரைக்கும். அடித்தளம் போனதும் மேலே உள்ள நிக்கல் தகடாகக் கழன்று வரும்.

கறுப்புக் கைப்பிடிக்கும் ஒரு சொல். இந்த மாதிரிகளில் பெரும்பாலும் கடின ரப்பர் பயன்பட்டது. ரப்பரில் நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிச் செய்தது. வெயில் பட்டால் பழுப்பாகும், காலப்போக்கில் கந்தகச் சேர்மங்களை வெளிவிடும். எண்ணெயில் ஊறவிடக் கூடாது. வெந்நீரில் கழுவக் கூடாது.

செய்ய வேண்டியவை

பஞ்சுத் துணியாலோ மெல்லிய தூரிகையாலோ தூசியை எடுங்கள். விரலால் தொட நேர்ந்தால், வைக்கும் முன் துடையுங்கள். அருங்காட்சியகத்தில் கையுறை போடுவது சடங்கல்ல. வியர்வை உப்பு மறைந்திருந்து வேலை செய்யும். எண்ணெய் என்றால் துணியில் ஒரு சொட்டு விட்டுத் தடவும் அளவுதான். ஊறவிட்ட எண்ணெய் பூச்சுக்கு அடியிலும் மரக் கைப்பிடிக்குள்ளும் புகுந்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

காட்சிக்கு வைக்கும் பொருளென்றால் எண்ணெயைவிட நுண்படிக மெழுகு சிறந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் பாதுகாப்பாளர்கள் உருவாக்கிய மெழுகு ஒன்று ரினைசான்ஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. மிக மெல்லியதாகத் தடவி, உலர்ந்ததும் துணியால் மெதுவாகத் துடைத்தால் நுண்துளைகளின் வாயை அது அடைக்கும். துளைக்குள் ஈரம் இறங்காவிட்டால் அந்தச் சின்ன மின்கலம் இயங்காது.

தோலுறையில் போட்டு வைப்பதுதான் பரவலான தவறு. அழகாக இருக்கிறது, அளவும் பொருத்தம் என்று பலரும் உறையோடே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட அமிலங்களும் உப்புகளும் அதில் தங்கியிருக்கும். ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். உறையை எறிய வேண்டாம், அருகில் தனியாக வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பின் துரு வேகமெடுக்கும். 50க்குக் கீழே நிலையாக இருந்தால் நிம்மதி. கடலோர ஊர்களில் இது எளிதல்ல. மூடிய பெட்டியும், ஈரம் உறிஞ்சிய பிறகு சூடாக்கி மறுபடி பயன்படுத்தக்கூடிய சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் சிறு மானியும் சேர்ந்தால் சமாளிக்கலாம்.

துருப்புள்ளி தெரிந்தால்? அதன்மேல் மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டு ஓரிரு நாள் காத்திருங்கள். பிறகு மரக்குச்சியின் மழுங்கிய முனையால் மெதுவாக உருட்டித் துடையுங்கள். வந்தவரை போதும். எஃகு நார், உப்புத்தாள், கத்தி முனை எதுவும் வேண்டாம். உப்பிய செதிலை அழுத்தவோ பிய்க்கவோ கூடாது. துடைத்த இடத்தில் மெழுகு தடவுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துத் தேதி குறித்து வைப்பது நல்லது. அடுத்த வருடப் படத்தோடு ஒப்பிட்டால், துரு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பது அனுமானமாக இல்லாமல் சான்றாகவே தெரியும்.

வெற்று விசையை இழுத்துப் பார்ப்பதும், மடங்கும் குழலை ஓங்கி மூடுவதும் வேண்டாம். பழைய வில்லுகளும் தாழ்ப்பாளும் அதைத் தாங்கா. கரும்பொடிக் காலத்துக்காகச் செய்யப்பட்ட உலோகத்தில் இன்றைய தோட்டாவை வெடிப்பது கையையும் கண்ணையும் பணயம் வைப்பது. அதைச் செய்யவே கூடாது.

இத்தனை அடையாளங்களையும் பார்த்த பிறகும் சந்தேகம் நீங்காவிட்டால், ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய சரக்கு அனுப்புதல் பதிவேடுகளைப் பராமரிக்கும் வரலாற்று அறக்கட்டளைக்குத் தொடர் எண்ணோடு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம். அந்த எண் எந்தத் தேதியில், யாருக்கு, எந்தக் குழல் நீளத்தில், எந்த மேற்பூச்சோடு தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கடிதமாக அனுப்புவார்கள். கடிதத்தில் நிக்கல் என்றிருந்து, குதிரையில் மேக நிறங்களும் குழியின் அடியில் வெற்று எஃகும் தெரிந்தால், அது அசல் பூச்சு என்று நம்பலாம். கடிதத்தில் நீலம் என்றிருந்தால், கையில் இருக்கும் வெள்ளிப் பளபளப்பு எவ்வளவு பழையதானாலும் அது பிறகு வந்தது. அந்தக் கடிதத்தின் நகலையும் எடுத்த படங்களையும் துப்பாக்கி இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு இந்த ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.